தண்ணீர் ஐஸ் பாராகும் வழி

மீன்பிடித் துறைமுகம் என்று ஒன்று இருந்தால் அதை ஒட்டி ஐஸ் கம்பெனி இருக்கும். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி எங்கே போனாலும் இதுதான். விசைப்படகு கடலுக்குக் கிளம்புமுன் டீசல் பிடிப்பது போலவே ஐஸும் பிடித்தாக வேண்டும். நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் படகென்றால் ஐஸ் டன் கணக்கில் உள்ளே போகும். வெயிலில் நிற்கும் லாரியிலிருந்து ஐஸ் பார்கள் பலகை வழியே சறுக்கிக்கொண்டு படகுக்குள் இறங்குவதைப் பார்த்தவர்கள் பலர். அந்தப் பார் எப்படி உருவாகிறது என்று கம்பெனிக்குள் நுழைந்து பார்த்தவர்கள் குறைவு.

பள்ளிப் பாடத்தில் பொருளின் நிலைகளுக்கு மூன்று கட்டம் வரைவார்கள். திடத்தில் புள்ளிகள் நெருங்கி வரிசையாக நிற்கும், திரவத்தில் நெருக்கம் இருந்தாலும் வரிசை குலைந்திருக்கும், வாயுவில் நாலைந்து புள்ளிகள் மட்டும் திசைக்கொன்றாகப் பறக்கும். அந்தப் படத்தில் தவறில்லை. ஆனால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக என்ன செலவாகிறது என்பதை அது சொல்வதில்லை. ஐஸ் கம்பெனியின் பிழைப்பே அந்தச் செலவில்தான் ஓடுகிறது. தண்ணீருக்குள் குளிரை ஏற்றும் இயந்திரம் எதுவும் அங்கே கிடையாது. தண்ணீரில் இருக்கும் வெப்பத்தை வெளியே எடுத்துப்போய்க் கூரைக்கு மேல் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்வது நிலை மாற்றம்.

எவ்வளவு வெப்பம் என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். 50 கிலோ பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 30 டிகிரி செல்சியஸில் வருகிறது. அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 6,300 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரி ஐஸாக்க, அதாவது தெர்மாமீட்டரில் ஒரு கோடுகூட இறங்காத அந்த மாற்றத்துக்கு, 16,700 கிலோஜூல். ஐஸை மேலும் −8 டிகிரி வரை குளிர்விக்க 840 கிலோஜூல் போதும். மொத்தம் ஏறத்தாழ 23,800. இதில் பத்தில் ஏழு பங்கு வெப்பநிலை அசையாமல் நிற்கும்போதே வெளியேறிவிடுகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

கேனும் உப்புத் தண்ணீரும்

முதல் வேலை கேன்களை நிரப்புவது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த நீளமான பெட்டிதான் கேன். வாய் சற்று அகலமாகவும் அடி சற்றுக் குறுகலாகவும் இருக்கும். காரணம் கடைசியில் தெரியும். விளிம்பு வரை யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. 50 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 54 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அதற்கான இடைவெளியை மேலே விட்டே நிரப்புவார்கள்.

நிரம்பிய கேன்களை வரிசையாகப் பெரிய தொட்டி ஒன்றில் இறக்குவார்கள். பிரைன் டேங்க் என்பது இதுதான். மேலே மரப்பலகைகள் மூடியிருக்கும், தொழிலாளர்கள் அதன் மேலேயே நடந்து வேலை செய்வார்கள். புதிதாக உள்ளே வருபவருக்கு, காலுக்கடியில் நூற்றுக்கணக்கான கேன்கள் உறைந்துகொண்டிருப்பது தெரியாது. ஒரு பலகையைத் தூக்கினால்தான் கேன்களின் வாயும், அவற்றைச் சுற்றி ஓடும் உப்புத் தண்ணீரும் கண்ணில் படும்.

பிரைன் எனப்படும் அந்த உப்புத் தண்ணீர் −10 டிகிரி அளவில் இருந்தும் திரவமாகவே இருக்கிறது. தண்ணீர் உறைவது என்றால் அதன் மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் வந்து கட்டிக்கொள்ள வேண்டும். இடையில் சோடியமும் குளோரினும் அயனிகளாகக் கலந்து கிடக்கும்போது, ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐஸின் கட்டமைப்பில் இந்த அயனிகளுக்கு இடமில்லை. உறைய வேண்டுமென்றால் மூலக்கூறுகள் அயனிகளை விட்டுப் பிரிந்து வர வேண்டும், அதற்கு இன்னும் குளிர வேண்டும். 100 கிலோ கரைசலில் 20 கிலோ சாதாரண உப்பு இருந்தால் −16 டிகிரி வரை அது உறையாது. உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் −21 டிகிரி வரை கொண்டுபோகலாம், அதுதான் எல்லை. அதற்கும் கீழே போக வேண்டிய இடங்களில் கால்சியம் குளோரைடு போடுவார்கள்.

நல்ல ஆபரேட்டர் இந்தக் கரைசலின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் போட்டு அடிக்கடி பார்ப்பார். கேன் நிரப்பும்போதும் தூக்கும்போதும் சிந்தும் நல்ல தண்ணீர் பிரைனை நீர்க்கச் செய்துவிடும். நீர்த்துப்போன பிரைன், தொட்டிக்குள் ஓடும் குளிர்ந்த குழாய்களின் மேலேயே உறைந்து படியும். படிந்த ஐஸ் வெப்பத்துக்குத் தடைச்சுவர். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், மின்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும், கேன் உறையாது. ஒரு கொத்து உப்பு கூடுதலாகப் போட்டால் தீரும் சிக்கலுக்கு கம்ப்ரஸரைப் பழி சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். என் பார்வையில், ஐஸ் கம்பெனியில் அதிகக் கவனம் கேட்பதும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இந்த உப்புத் தண்ணீர்தான்.

பிரைன் ஓரிடத்தில் தேங்கி நிற்கக் கூடாது. விசிறி போன்ற ஒரு கலக்கி அதைக் கேன்களுக்கு இடையே சுற்றிச் சுற்றி ஓட்டும். கேனிலிருந்து வெப்பத்தை வாங்கும் பிரைன் அதைக் குழாய்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்.

−15 டிகிரியில் கொதிப்பது

அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது அம்மோனியா. தொழிலாளர்கள் பேச்சில் வெறும் கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவ அம்மோனியா −33 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டரை மடங்கு அளவில் வைத்திருப்பதால் அங்கே கொதிநிலை −15 டிகிரி. வெளியே −10 டிகிரியில் ஓடும் பிரைன் அதற்கு அடுப்பு. நம் கை பட்டால் வெடவெடக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான் அம்மோனியாவைக் கொதிக்க வைக்கிறது. கொதித்தல் என்றாலே சூடு என்று பழகிய மனம் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கும்.

கொதிக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். திரவத்தில் அம்மோனியா மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நழுவி, இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கிடையே ஓர் ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பை முறித்துக்கொண்டு ஒரு மூலக்கூறு வெளியே போக ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை அது அக்கம்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் கசிந்த தண்ணீர் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதும் இதே விதியில்தான். ஒரு கிலோ திரவ அம்மோனியா −15 டிகிரியில் முழுக்க வாயுவானால் சுமார் 1,310 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிரைனிலிருந்து வந்த வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளைப் பிரித்து விடுவதிலேயே போய்விடுவதால், கொதித்து முடிகிற வரை அம்மோனியா −15 டிகிரியிலேயே நிற்கிறது.

ஒன்றரை லிட்டர் திரவமாக இருந்த அந்த ஒரு கிலோ, வாயுவானதும் 500 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மூலக்கூறு பெருத்துவிடவில்லை, இடைவெளிதான் பெருகியது. ஒவ்வொன்றும் சராசரியாக நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் பறந்து, மோதி, திரும்பி, மறுபடி மோதிக்கொண்டிருக்கும். குழாய்ச் சுவரில் விழும் இந்த மோதல்களின் கூட்டுத்தொகைதான் அழுத்தம். வாயு சேரச் சேர அழுத்தம் ஏறும், ஏறினால் கொதிநிலையும் ஏறும், பிறகு பிரைனின் சூடு கொதிக்க வைக்கப் போதாமல் போய்விடும். எனவே உருவாகிற வாயுவை யாராவது உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வேலை கம்ப்ரஸருக்கு. அதை நோக்கிப் போகும் குழாயைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது போல் உறைபனி அப்பியிருக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தின் நீராவி, குழாயின் குளிர்ந்த பரப்பில் மோதியதும் திரவமாகும் நிலையைத் தாண்டி நேரே படிகமாக ஒட்டிக்கொள்கிறது. விரலால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும், உற்றுப் பார்த்தால் ஊசி ஊசியாக நிற்பது தெரியும். வாயுவிலிருந்து நேரே திடம் என்று பாடத்தில் படித்ததை விரல் நுனியில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கூரை மேல் விடப்படும் வெப்பம்

கம்ப்ரஸர் வாயுவை அமுக்குகிறது. பிஸ்டன் முன்னேறி வரும்போது அதில் மோதும் மூலக்கூறு, வந்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் திரும்புகிறது. மோட்டார் செய்த வேலை இப்படித்தான் வாயுவுக்குள் வெப்பமாகப் புகுகிறது. வெளியேறும் குழாயில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரே இயந்திரத்தின் ஒரு பக்கக் குழாயில் உறைபனி, மறுபக்கக் குழாயில் கை வைக்க முடியாத சூடு.

ஏன் அமுக்க வேண்டும்? அந்த வாயு மறுபடி திரவமாக வேண்டும், அதை நம் ஊர்க் காற்றின் வெப்பநிலையிலேயே செய்ய வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு அழுத்தத்தில் அம்மோனியா ஏறக்குறைய 40 டிகிரியில் திரவமாகும். மூலக்கூறுகளை அவ்வளவு நெருக்கிவிட்டால், 40 டிகிரிச் சூட்டிலும் அவற்றின் ஈர்ப்பு அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சேரும்போது, பிரிவதற்காக வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகின்றன.

வாயு இப்படித் திரவமாகும் இடம்தான் கண்டென்சர். பல கம்பெனிகளில் அது கூரை மேல் திறந்த வெளியில் இருக்கும். அடுக்கடுக்கான குழாய்கள், மேலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வழியும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போகிறது. ஆக வெப்பத்தை உள்ளே தூக்கியது அம்மோனியா ஆவியானது, வெளியே விடுவது தண்ணீர் ஆவியாவது. காற்றில் ஏற்கெனவே ஈரம் கனத்திருந்தால் இந்தத் தண்ணீர் சரியாக ஆவியாகாது, கண்டென்சர் திணறும். வெறும் வெயிலைவிடப் புழுக்கம் ஐஸ் கம்பெனிக்கு அதிகத் தொல்லை என்பது இதனால்தான்.

திரவமான அம்மோனியா ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு வால்வின் சின்ன இடுக்கு வழியாகக் குறைந்த அழுத்தத்துக்குள் நுழைகிறது. 40 டிகிரியில் இருந்த திரவத்துக்கு இப்போது கொதிநிலை −15. அதில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி, மீதித் திரவத்தை −15 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. பிறகு பிரைன் தொட்டிக்குள் மறுபடி கொதிக்கப் புறப்படுகிறது. இந்த இழப்பெல்லாம் போக, ஒரு கிலோ அம்மோனியா ஒரு சுற்றில் 1,050 முதல் 1,100 கிலோஜூல் வெப்பத்தைத் தொட்டியிலிருந்து தூக்கும். நம் 50 கிலோ பாருக்கு 23,800 கிலோஜூல் என்றோமே, அதற்குச் சுமார் 22 கிலோ அம்மோனியா கொதித்து முடிக்க வேண்டும். செலவாவது எதுவும் இல்லை. அதே அம்மோனியா கசியாதவரை ஆண்டுக்கணக்கில் சுற்றும்.

கசிந்தால் ஆபத்து. மூக்கையும் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும், அளவு மீறினால் உயிரையும் எடுக்கும். அம்மோனியா மூலக்கூறு காற்றின் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது, வாயுவாகக் கசிந்தால் மேலே ஏறும், அதற்காகவே கூரையை ஒட்டித் திறப்புகள் வைக்கிறார்கள். ஆனால் திரவமாகப் பீறிட்டால் நுண்துளிகள் கலந்த குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு பரவும். இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு முறை போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் அம்மோனியா மிக எளிதில் கரையும் என்பதால் தண்ணீரைப் பீய்ச்சுவது உடனடி வழி, ஆனால் திரவம் தேங்கிக் கிடந்தால் அதன் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது, இன்னும் வேகமாக ஆவியாகும். சிறு கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய ஆபரேட்டர்கள் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளில் காட்டுவார்கள். கந்தகப் புகையின் வாயுவும் அம்மோனியாவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். அந்த வெண்மை மிக நுண்ணிய உப்புத் துகள்கள். இரண்டு வாயுக்கள் சேர்ந்து காற்றிலேயே ஒரு திடப்பொருள் பிறக்கிறது.

கேனுக்குள் நடப்பது

இனி கேனுக்கே திரும்புவோம். 30 டிகிரித் தண்ணீரில் ஒவ்வொரு மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிடி நிலைக்காது. நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்தில் விட்டு, வேறொன்றைப் பிடிக்கும். தண்ணீர் ஒழுகுவதும் பாத்திரத்தின் வடிவத்தை எடுப்பதும் இந்த விடாத மாற்றத்தால்தான். வெப்பத்தை எடுக்க எடுக்க மூலக்கூறுகளின் வேகம் குறைகிறது, பிடிகள் கூடுதல் நேரம் நிலைக்கின்றன. 4 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தண்ணீர் மறுபடி சற்று விரியத் தொடங்குவது, வரப்போகும் கட்டமைப்பு இப்போதே தலைகாட்டுவதன் அடையாளம்.

0 டிகிரி வந்த மாத்திரத்தில் எல்லாம் உறைந்துவிடாது. எங்காவது ஓரிடத்தில் சில மூலக்கூறுகள் சரியான ஒழுங்கில் கூடி, கலையாமல் நிற்க வேண்டும். தூய்மையான நுண்துளிகளை −38 டிகிரி வரைகூட உறையாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். கேனில் அந்தப் பிரச்சினை இல்லை. தகட்டின் சொரசொரப்பும் தண்ணீரின் தூசியும் தொடக்கப்புள்ளியைத் தந்துவிடும். உறைதல் சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கி வளரும்.

ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளை, நான்கு திசையில், மாறாத கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து அறுகோண வளையங்களாக, நடுவில் வெற்றிடம் விட்ட கட்டுமானமாகிறது. அந்த வெற்றிடங்கள்தான் ஐஸைத் தண்ணீரைவிட எடை குறைந்ததாக்குகின்றன. பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கும், தண்ணீர் விரிகிறது. ஐஸுக்குள்ளும் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை, தன் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். இடம் மாறுவது மட்டும் கிட்டத்தட்ட நின்றுபோகிறது.

ஒரு மூலக்கூறு வந்து கட்டமைப்பில் பொருந்தும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெளியாகிறது. அது ஐஸ் வழியாக, தகடு வழியாக, பிரைனுக்குப் போனால்தான் அடுத்தது பொருந்த முடியும். போகாவிட்டால் அந்த ஆற்றலே பொருந்தியதை உலுக்கிப் பிரித்துவிடும். அதனால்தான் உறையும் முகப்பு கடைசி வரை 0 டிகிரியிலேயே நிற்கிறது. 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைத்தான் அளந்து காட்டினார். உருகும் ஐஸுக்குள் வெப்பம் போய்க்கொண்டே இருந்தும் தெர்மாமீட்டர் அசைவதில்லை என்பதைக் கண்டு, ஒளிந்துகொள்ளும் அந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டார். அணு, மூலக்கூறு பற்றிய இன்றைய அறிவு எதுவும் இல்லாத காலம் அது. அவருடைய ஆசிரியர் வில்லியம் கல்லன் அதற்கு முன்பே, 1750-களில், வெற்றிடத்தில் ஈதரைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை உறைய வைத்துக் காட்டியிருந்தார். ஐஸ் கம்பெனியின் இரண்டு பாதிகளும் ஒரு ஆசிரியரிடமும் ஒரு மாணவரிடமும் தொடங்கியவை. கல்லனின் சோதனை கம்பெனிக்கு உதவும் இயந்திரமாக நிலைபெற நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அம்மோனியாவை அமுக்கி ஓட்டும் இயந்திரத்தை ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே 1876-இல் உருவாக்கினார்.

சுவரில் படிந்த ஐஸ் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். உள்ளிருந்து வரும் வெப்பம் அந்த ஐஸைக் கடந்துதான் வெளியேற வேண்டும், ஐஸோ இரும்பைப் போல் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தடிமன் இரு மடங்கானால் உறையும் நேரம் நான்கு மடங்கு. 50 கிலோ பார் உறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிப்பதும், பெரிய பார்கள் இரண்டு நாள் கேட்பதும் இதனால்தான். பிரைனை மேலும் குளிர்வித்து அவசரப்படுத்தினால் ஐஸ் விரிசல் விட்டு உடையும் தன்மையோடு வரும்.

பாரின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஓரங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும், நடு மட்டும் பால். உப்பு அயனிகளுக்கு இடம் தராத கட்டமைப்பு, கரைந்திருக்கும் காற்றையும் அழுக்கையும்கூட உள்ளே விடுவதில்லை. உறையும் முகப்பு அவற்றை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் மிஞ்சும் தண்ணீரில் எல்லாம் வந்து சேரும், காற்று குமிழ்களாகச் சிக்கி வெள்ளையாகத் தெரியும். முழுக்கத் தெளிந்த ஐஸ் வேண்டும் என்றால் உறையும்வரை மெல்லிய குழாய் வழியாகக் காற்றை ஊதித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் நடுத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எடுப்பதும் உடைப்பதும்

உறைந்து முடிந்ததும் கிரேன் ஒரு வரிசைக் கேன்களை மொத்தமாகத் தூக்கும். ஐஸ் தகட்டோடு ஒட்டியிருப்பதால் அப்படியே கவிழ்த்தால் வராது. பக்கத்திலேயே சாதாரணத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் கேன்களைச் சற்று நேரம் முக்கி எடுப்பார்கள். தகட்டை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் உருகும். பிறகு கேனைச் சாய்த்தால், வாய் அகன்ற அந்த வடிவத்தால், பார் வழுக்கிக்கொண்டு முழுசாக வந்து விழும்.

அப்போது வரும் பாரை வெறுங்கையால் தொட்டால் விரல் ஒட்டும். பார் 0 டிகிரிக்குக் கீழே இருக்கிறது, விரலின் ஈரம் அதன் மேல் உறைந்து பசையாகிறது. கொஞ்ச நேரம் வெளியே கிடந்து மேற்பரப்பு 0 டிகிரிக்கு வந்த பிறகு ஒட்டாது, வழுக்கும்.

வெளியே வந்த ஐஸ் சட்டென்று உருகிவிடாமல் நெடுநேரம் தாக்குப்பிடிப்பது அதன் உள்ளுறை வெப்பத்தால்தான். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடும். 1833-இல் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடரின் கப்பல் 180 டன் இயற்கை ஐஸோடு கிளம்பி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மீதமிருந்தது. அந்த வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. வீட்டு ஏசியை ஒன்றரை டன் என்று சொல்வதும் இந்த உருகலின் அளவுதான். அமெரிக்க டன் ஒன்று, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிர்விப்பு, ஏறக்குறைய 3.5 கிலோவாட்.

துறைமுகத்தில் பாரைக் கிரஷரில் போட்டு நொறுக்குவார்கள். சில படகுகள் முழுப் பாராகவே ஏற்றிக்கொண்டு போய், மீன் விழுந்த பிறகு தேவைக்கேற்ப உடைத்துக்கொள்ளும். முழுப் பார் மெதுவாக உருகும், பல நாள் பயணத்துக்கு அதுதான் சிக்கனம். ஆனால் மீனைக் குளிர்விக்க நொறுங்கிய ஐஸ்தான் வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும் நொறுக்கினால் மேற்பரப்பு பல மடங்கு கூடும், உருகும் மூலக்கூறுகள் அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன.

மீனும் ஐஸும் அடுக்கடுக்காகப் போட்டதும் கம்பெனியில் நடந்தது தலைகீழாக நடக்கும். மீனின் வெப்பம் ஐஸுக்குள் புகுந்து பிணைப்புகளை அவிழ்க்கிறது. ஐஸ் 0 டிகிரியிலேயே நின்று உருகுகிறது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உருகி வழியும் அந்தத் தண்ணீர். கூரிய ஐஸ் துண்டு மீனை ஒன்றிரண்டு இடத்தில்தான் தொடும், வழியும் தண்ணீர் செதில் செதிலாக எல்லா இடத்தையும் தொட்டு வெப்பத்தை வாங்கிப்போகும், கூடவே ரத்தத்தையும் கிருமிகளையும் கழுவும். ஆகவே பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் கீழ் அடுக்கு மீன் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கெடும்.

கணக்குப்படி 30 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு கிலோ ஐஸ் போதும். ஆனால் படகின் மரமும் இரும்பும் இரவும் பகலும் வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும், மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஈரக் காற்று புகும். அதனால் நம் கடல்களில் கிலோவுக்குக் கிலோ என்பதே நடைமுறை. கரைக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது மீன்களுக்கு இடையே எங்கும் ஐஸ் மிச்சமிருந்தால் அந்த மீன் 0 டிகிரியை ஒட்டியே இருந்திருக்கிறது என்று நம்பலாம். தெர்மாமீட்டர் தேவையில்லை.

ஐஸோடு கடல்தண்ணீரைக் கலந்து அந்தக் குழம்பில் மீனை முக்கும் முறையும் உண்டு. பிரைன் தொட்டியில் பார்த்த உப்பு இங்கேயும் தன் வேலையைக் காட்டும். ஐஸ் உருகும் வெப்பநிலை 0-க்குக் கீழே, −1 டிகிரியை ஒட்டி இறங்கும். திரவம் மீனை முழுசாகச் சூழ்வதால் குளிர்வது வேகமாக நடக்கும். மீனின் உடலிலுள்ள நீரிலும் உப்புகள் கரைந்திருப்பதால் அது −1 டிகிரிக்குச் சற்றுக் கீழே போன பிறகே உறையத் தொடங்கும். உப்பு கூடிப்போய் அந்த எல்லையைத் தாண்டினால் மீனின் சதைக்குள் ஐஸ் படிகங்கள் மெதுவாக வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும், வெட்டும்போது நீர் கசிந்து சதை தொளதொளவென்று போகும். எனவே ஐஸும் கடல்தண்ணீரும் மட்டும் கலக்க வேண்டும். சீக்கிரம் குளிரட்டும் என்று மேற்கொண்டு உப்பு போடக் கூடாது.